சீட்டிப் பாவாடையும் ஒரு மார்க் விடையும்

2024 ஆடி மாதம். சென்னையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகளுக்குப் பாண்டிச்சேரியில் குர்தா எடுக்க வேண்டுமாம். கடலூரில் இல்லாத குர்தாவா என்றால், "அத்தை, அது வேற, இது வேற" என்றாள். வெயிலில் இரண்டு பேரும் ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் மஞ்சள் சுவராகத் தடவிக்கொண்டு போய், கடைசியில் ஏ.சி. நன்றாக ஓடிய ஒரு கடையில் நின்றோம். உள்ளே ஒவ்வொரு குர்தாவின் கழுத்திலும் சணல் கயிற்றில் ஒரு பழுப்பு அட்டை தொங்கியது. கையால் அச்சிட்டது, பாண்டிச்சேரியின் 300 ஆண்டு மரபு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே விலை. மரபுக்குத் தகுந்த விலைதான்.

துணி என்னவோ அழகு. பளிச்சென்ற வெள்ளையில் சின்னச் சின்னச் சிவப்புப் பூ, ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு பச்சை இலை. பக்கத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி நின்றிருந்தார்கள். கடைப்பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், அட்டையில் இருந்ததையே இன்னும் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்து அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் வேலை. வேலையில் கிடைக்கும் எல்.டி.சி. பயணச் சலுகையில் ஒருமுறை ஜெய்ப்பூர் போனபோது சாங்கானேரில் அரைநாள் சுற்றியிருக்கிறோம். நீள நீள மேசைகள், மேசை மேல் விரித்த வெள்ளைத் துணி, சக்கரம் வைத்த சாயத் தட்டைத் தள்ளிக்கொண்டே கட்டையால் பட் பட்டென்று அடித்துப் போகும் ஆட்கள். அந்தக் குட்டிப் பூ அங்கே ஆயிரக்கணக்கில் பூத்ததைப் பார்த்தவள் நான். வெள்ளைத் தரை என்றால் சாங்கானேர், கடுக்காயில் ஊறிய பழுப்பேறிய தரை என்றால் பக்கத்து ஊர் பக்ரு என்று அங்கே ஒருவர் பாடமே எடுத்தார்.

தம்பதி பை நிறைய வாங்கிக்கொண்டு போனதும் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, இது நெஜமாவே பாண்டிச்சேரி அச்சா?" அவள் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஜெய்ப்பூர்லேருந்து பார்சல் வருது மேடம். நாங்க அட்டை மட்டும் கட்றோம்." சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குள்தான் ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு திமிர்.

அந்தத் திமிர் சாயங்காலம் வரைதான் தாங்கியது. பஸ் நிலையத்தில் வேலை நடந்ததால் அப்போது பஸ்கள் ஏ.எஃப்.டி. திடலிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஆட்களுக்குச் சோறு போட்ட பஞ்சாலை, 2020-ல் ஒரேயடியாக மூடப்பட்டு, அதன் திடல் பஸ் நிற்கும் இடமாகியிருந்தது. கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்து இருக்கையில் அதே பெண். கடைக்கு வெளியே வந்ததும் நான் மேடத்திலிருந்து அக்கா ஆகிவிட்டேன். "அது ஏன்க்கா கேட்டீங்க?" என்றாள். சாங்கானேர் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிக்கா, அப்ப நம்ம ஊரு அச்சு எது?" என்றாள்.

வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. அவளே தொடர்ந்தாள். அவளுக்கு அரியாங்குப்பம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அரிக்கமேட்டுக்குக் கூட்டிப் போனார்களாம். "அங்க சாயத்தொட்டி இருந்துச்சுன்னு சார் சொன்னாரு. ரோமாபுரிக்கெல்லாம் துணி போச்சாமே. அப்ப நான் அவங்ககிட்ட சொன்னதுல பொய் எங்கக்கா இருக்கு? வருஷத்தைத்தான் கொறைச்சு சொல்லியிருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தபடி அரியாங்குப்பத்தில் இறங்கிப் போய்விட்டாள். 1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் ஏற்றியவை என்றுதான் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். முள்ளோடை தாண்டும்வரை எனக்கு அதே யோசனை. பொய் எது என்று சட்டெனக் கண்டுபிடித்தேனே, மெய் எது என்று கேட்டால் ஏன் முழிக்கிறேன்?

ஆயாவின் சீட்டி

எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் பூப்போட்ட துணி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சீட்டி. சீட்டிப் பாவாடை, சீட்டித் தலையணை உறை. ஆயா வாயில் அது மரியாதையான சொல் அல்ல. "சீட்டி எடுத்தா ரெண்டு தண்ணிக்குத் தாங்காது" என்பார். தீபாவளிக்கு எனக்குச் சீட்டிப் பாவாடை தைத்தால் முதல் தண்ணியில் தனியாக ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தாத்தாவின் வேட்டி ரோஜா நிறமாகிவிடும். கல்யாணத்துக்குப் பட்டு, நாளுக்கும் கிழமைக்கும் சுங்கடி, வீட்டில் உருண்டு புரளச் சீட்டி. துணிகளுக்குள் சாதி பிரித்தால் சீட்டிக்குக் கடைசிப் படிதான்.

இந்தச் சீட்டிதான் ஆங்கிலேயர் வாயில் சின்ட்ஸ் ஆன சொல். இரண்டும் இந்தியின் சீண்ட், அதாவது தெளித்த புள்ளி, என்பதிலிருந்து வந்தவை. பிரெஞ்சுக்காரர்கள் இந்தியத் துணி என்ற பொருளில் ஆந்தியென் என்றார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துணிக்காக ஐரோப்பா பட்ட பாடு கொஞ்சமில்லை. அதற்குக் காரணம் பூ மட்டும் இல்லை, பூ வரைய அவர்களுக்கும் தெரியும். துவைத்தால் போகாத பூவைத்தான் அவர்கள் அதுவரை கண்டதில்லை. துவைக்கத் துவைக்க நிறம் தெளிகிற துணி என்று அதிசயப்பட்டார்கள். அப்புறம் அவர்கள் ஊர் நெசவாளிகள் வயிற்றில் அடி விழ, தடை வந்தது. பிரான்ஸ் 1686-ல் தடை போட்டு 1759 வரை விடாமல் வைத்திருந்தது. இங்கிலாந்தில் 1701-ல் ஒரு சட்டம், அது போதாமல் 1721-ல் இன்னொன்று. 1719-ல் லண்டன் தெருக்களில் சீட்டி உடுத்திப் போன பெண்களின் உடைகளை நெசவாளிகள் மறித்துக் கிழித்தார்கள். சீட்டிப் பாவாடைக்காக ஒருத்தி நடுத்தெருவில் அடிவாங்கினாள் என்று ஆயாவிடம் சொல்லியிருந்தால், "அந்தத் துணிக்கா?" என்றுதான் கேட்டிருப்பார்.

ஆயா கண்ட சீட்டி வேறு என்பதுதான் விஷயம். தடை இருந்த காலத்திலேயே ஐரோப்பாக்காரர்கள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். பிரான்சில் தடை நீங்கிய மறு வருஷமே, 1760-ல், பாரிசுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் என்பவர் அச்சுப்பட்டறை போட்டுவிட்டார். 1783-ல் தாமஸ் பெல் உருளையால் அச்சடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பிறகு நம் கடைத்தெருவுக்கே வெளிநாட்டு மில் சீட்டி கப்பலில் வந்து இறங்கியது. போனது ஒரு துணி, அதே பெயரோடு திரும்பி வந்தது இன்னொரு துணி. ஒருத்தனின் வேஷம் கலைந்தால் சாயம் வெளுத்துப்போச்சு என்கிறோம். சாயம் என்றால் வெளுக்கத்தான் செய்யும் என்று நம் மொழியே ஒத்துக்கொண்ட காலத்தில் பிறந்தவர் என் ஆயா.

பெயரில்லாத ஆட்கள்

கடைப்பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. அரையாண்டு விடுமுறையில் தேட ஆரம்பித்தேன். தேடினால் பாண்டிச்சேரியே முன்னால் வந்து நிற்கிறது. 1734 வாக்கில் போலியு என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி இங்கே ஒரு துணி தயாராவதைக் கூடவே இருந்து பார்த்து, ஒவ்வொரு படி முடிந்ததும் அந்தத் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து பாரிசில் இருந்த துஃபே என்ற வேதியியலாளருக்குக் கொண்டு போயிருக்கிறார். அந்தக் குறிப்பும் துண்டுகளும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அடுத்து 1742-ல் கேர்தூ என்ற சேசுசபைப் பாதிரியார் எழுதிய கடிதம். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு உண்டு என்று, அதைச் சொல்லிப் பேர் வாங்கிய ஆங்கிலேயர் வில்லியம் ஜோன்சுக்கு முன்பே எழுதிய ஆள் இவர். 1779-ல் பாண்டிச்சேரியிலேயே காலமானார். அவருடைய அந்தக் கடிதம் ஒரு சமையல் குறிப்பு மாதிரி போகிறது. பாதி வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் முக்கு, பிழி, வெயிலில் காயப்போடு, கட்டையால் அடித்து வழவழப்பாக்கு. சாயவேர் என்ற நம் சொல்லையே பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சு வரிகளுக்கு நடுவே அது, வெளிநாட்டு விமான நிலையத்தில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

சாயவேர் என்றால் இம்பூரல். கடற்கரை மணலில் தானாக முளைக்கும், நூல் நூலாக வேர் விடும் சின்னச் செடி. "இம்பூரல் காணாது இரத்தம் கக்கிச் செத்தானே" என்று சித்த வைத்தியத்தில் ஒரு வழக்கு உண்டு. ரத்தம் கக்குகிறவனுக்குக் கொடுக்கும் மருந்துச் செடியின் வேரில்தான் அத்தனை ரத்தச் சிவப்பும் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதையும் பாதிரியார் மறைக்கவில்லை. இந்தத் தொழிலில் கைதேர்ந்த சிலர் சில மாதங்களுக்கு முன் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். அவர்களைத் தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில் விசாரித்து, பதில்களை ஒப்பிட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார். படித்தபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இது போலீஸ் விசாரிக்கும் முறை. தலைமுறை தலைமுறையாக அப்பன் மகனுக்கு மட்டும் சொன்ன பக்குவத்தை, புதிதாகச் சேர்ந்த மதத்தின் குருவே கூப்பிட்டுக் கேட்டால் அவர்கள் சொல்லாமல் என்ன செய்வார்கள்? எதையாவது மறைத்திருப்பார்களா? மறைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கடுக்காய்க்குப் பெயர் இருக்கிறது, எருமைப்பால் இருக்கிறது, வேருக்குப் பெயர் இருக்கிறது. சொன்ன ஆட்களின் பெயர்தான் இல்லை.

இங்கேதான் எனக்கு இன்னொரு அடி விழுந்தது. இந்தக் குறிப்புகளில் முதலில் நான் தேடியது அச்சுக்கட்டையை. அது இல்லை. ஓவியத்தைக் காகிதத்தில் ஊசியால் குத்தி, துணிமேல் வைத்து, கரித்தூள் பொட்டலத்தால் தட்டுகிறார்கள். துளை வழியே புள்ளி விழுகிறது. அந்தப் புள்ளிகளைத் தொட்டு மூங்கில் பேனாவால் கோடு இழுக்கிறார்கள். சோழமண்டலக் கரையின் புகழே இந்தக் கை எழுத்தில்தான். கட்டை இந்தப் பக்கம் இல்லாமல் இல்லை, ஆனால் மலிவான சரக்குக்குத்தான் அது அதிகம் உதவியது. அச்சுக்கட்டையின் பெரிய வீடு குஜராத்தும் ராஜஸ்தானும். எகிப்தில் பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் மேடுகளில் தோண்டியபோது கிடைத்த குஜராத்து அச்சுத் துணிகள் ஆயிரம் வருஷப் பழசு வரை போகின்றன. இந்தக் கரையில் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது மசூலிப்பட்டணம் பக்கம். தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்குப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் சில குடும்பங்கள் இன்னும் கோயில் தொம்பையும் (உருளையாகத் தொங்கும் அலங்காரத் துணி) விதானமும் கையால் எழுதுகின்றன. இப்படிக் கையால் எழுதும் துணிக்கு, கருப்பூர் கலம்காரி என்ற பெயரில், 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக அந்தக் கடை அட்டை ஒரு பொய் இல்லை, இரண்டு பொய். துணியும் இந்த ஊர் இல்லை, இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் கட்டை இல்லை.

பாண்டிச்சேரி நிஜமாகவே தன் பெயரில் ஊர் ஊராக அனுப்பிய துணி ஒன்று உண்டு. அதில் பூவும் கிடையாது, கொடியும் கிடையாது. அவுரியில் தோய்த்துத் தோய்த்துக் கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்ட வெறும் நீலத்துணி, கினே என்று பெயர். ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றங்கரையில் கருவேலம் பிசின் வாங்க அது காசு மாதிரியே கைமாறியது. அதற்கு முன்பு இப்படிப்பட்ட இந்தியத் துணியைக் கொடுத்து மனிதர்களையும் வாங்கியிருக்கிறார்கள். இந்த மரபை எந்தக் கடையும் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிடாது. எங்கள் கடலூர் மட்டும் என்ன? 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை வெள்ளைக்காரன் வாங்கி, பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடம்வரை எல்லை என்று அளந்த கதை குண்டுச்சாலையில் டீ குடிக்கிறவருக்கெல்லாம் தெரியும். அவனுக்குக் கோட்டையா முக்கியம்? அதைச் சுற்றி இருந்த தறிகள்தான் முக்கியம். இன்றைக்குத் தறி என்றால் குறிஞ்சிப்பாடி கைலி. சாயம் என்றால் சிப்காட் பக்கத்திலிருந்து காற்று திரும்பும்போது மூக்கில் ஏறுகிற நெடி.

கொட்டகையில்

தை மாதம் ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் மூலமாக ஒரு அச்சுக் கொட்டகைக்குப் போனேன். திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, முந்திரித் தோப்பு ஓரம், தகரம் வேய்ந்த இடம். நடத்துகிறவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். பெடனாவில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். மசூலிப்பட்டணத்துக்குப் பக்கம் இருக்கும் அந்த ஊரில் கட்டை அச்சுதான் பிழைப்பு. "நீங்க என்ன டீச்சர்?" என்றார். கெமிஸ்ட்ரி என்றேன். "அப்ப உங்களுக்குத் தெரியாததா" என்று சிரித்தார். எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அடுத்த ரெண்டு மணி நேரத்தில் தெரிந்தது.

கட்டையை முதலில் கையில் கொடுத்தார். தேக்கு, எண்ணெய் குடித்து உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. முதுகில் சின்னச் சின்னத் துளைகள். அடிக்கும்போது உள்ளே மாட்டுகிற காற்று வெளியேறாவிட்டால் அச்சு நடுவில் சொட்டையாக விழுமாம். ஒரு பூவுக்கு ஒரு கட்டை என்று நினைத்திருந்தேன். கோட்டுக்கு ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று, தரைக்கு ஒன்று, எத்தனை நிறமோ அத்தனை கட்டை. ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த அச்சு அந்தப் புள்ளிமேல் உட்கார்ந்தால்தான் கொடி அறுபடாமல் ஓடும். நான் அடித்த முதல் வரிசையில் கொடி ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி இறங்கியது. "பரவால்ல டீச்சர், மாடிப்படி டிசைன்" என்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை. தட்டில் இருந்தது மங்கலான காவித் தண்ணீர். சிவப்பு எங்கே என்றேன். "இது சிவப்பில்ல. படிகாரமும் பிசினும். அடிச்ச எடம் தெரியணும்னு கொஞ்சம் காவி. அலசுனா அதுவும் போய்டும்." அடித்தோம், காயவைத்தோம், அலசினோம். கையில் இருந்தது கடுக்காய் நிறமேறிய வெறும் துணி. மாடிப்படியும் இல்லை, பூவும் இல்லை. நான் அடித்த தப்பெல்லாம் காணாமல் போனதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தத் துணியைத்தான் செப்பு அண்டாவில் போட்டார். கீழே விறகு, மேலே கொதிக்கும் சாயத் தண்ணீர், மூங்கில் கழியால் விடாமல் புரட்டல். தண்ணீர் அடிபொங்கும் நேரம் கழியில் தூக்கிக் காட்டினார். பூ இருந்தது. படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவப்பு. வேறொரு கட்டையால் அவர் அடித்திருந்த இடம் கடுக்காயோடு சேர்ந்து முன்பே கறுத்திருந்தது, அது துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீராம். ஒன்றும் படாத இடம் லேசாக அழுக்குச் சிவப்பு, நாலு நாள் வெயிலில் விரித்து நனைத்து நனைத்துக் காயவிட்டால் அது வெளுத்துவிடும். என் மாடிப்படியும் ஒரு படி குறையாமல் திரும்பி வந்திருந்தது.

படிகாரம் நிறமூன்றியாகப் பயன்படுகிறது. பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மார்க் விடை. நீரைச் சுத்திகரிக்க, ரத்தக்கசிவை நிறுத்த, நிறமூன்றியாக என்று மூன்று பயன் எழுதினால் மூன்று மார்க். நிறமூன்றி என்றால் என்ன மிஸ் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. அது இதுதான். சாயம் நூலைப் பிடிக்காது. படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் ஒரு கையால் நூலையும் ஒரு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. அலுமினியத்துக்குப் பதில் இரும்பு பிடித்தால் அதே அண்டாவில் அதே சாயம் கருஞ்சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறுகிறது. கட்டையோ பேனாவோ, அந்தக் கைகளை எங்கே உட்காரவைப்பது என்று குறிக்கும் கருவிதான். ஐரோப்பாக்காரன் ஒருவன் பின் ஒருவனாக ஆள் வைத்துக் கேட்டது நம் பூவை இல்லை. அலசினால் காணாமல் போகிற இந்தத் தண்ணீரைக் கேட்டான். போலியு படிக்கு ஒரு துண்டு வெட்டினாரே, அதில் பாதித் துண்டில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது என்பது என் ஊகம்.

நீலம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அவுரிக்குப் படிகாரம் வேண்டாம், அது நூலிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி மூடிவிட்டுத் தொட்டியில் முக்க வேண்டும். பச்சைக்குத் தனிச் சாயம் இல்லை, நீலத்தின் மேல் மஞ்சள். அந்த மஞ்சள்தான் நிற்காது. அருங்காட்சியகப் படங்களில் பழைய சீட்டிகளைப் பார்த்தால் இலையெல்லாம் நீலமாக இருக்கும், ஏதோ கற்பனை வளம் என்று நினைத்திருந்தேன். மஞ்சள் போய்விட்டது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது கேட்டேன், "அண்ணே, சாயவேர் எங்க வாங்குறீங்க?" அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினார். அலிசரின் பொடி. பெடனாவிலும் இதுதானாம். "வேரு யாரு டீச்சர் தோண்டுறா? தோண்டினாலும் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ வேணும் தெரியுமா? வர்றவங்ககிட்ட இயற்கைச் சாயம்னு சொல்லிக்கிறது இல்ல. கேட்டா சொல்லிடுவேன்." எனக்கு அதில் வருத்தம் இல்லை என்றால் நம்புவீர்களா? இம்பூரல் வேரில் இருக்கும் சிவப்பும் அலிசரின்தான். 1868-ல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அதைச் சோதனைச்சாலையில் செய்துவிட்டார்கள். அணுவுக்கு அணு ஒன்றே. சாயவேர் தோண்டிப் பிழைத்தவர்கள் வயிற்றில் மண் விழுந்தது அந்த வருஷத்தில் ஆரம்பித்தது. அவுரிக்கு 1897, அந்த வருஷம்தான் செயற்கை நீலம் ஜெர்மனியிலிருந்து விற்பனைக்கு வந்தது. எங்கள் தென்னார்க்காடு மாவட்டமே அவுரிக்குப் பேர் போன பூமி. இயற்கை, செயற்கை என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். டப்பாவைத் திறந்து காட்டிய அவர் கையில்தான் எனக்கு நம்பிக்கை.

பிளஸ் டூ பி பிரிவு

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் லேபில் ரெக்கார்டு நோட்டை ஓரம் வைக்கச் சொன்னேன். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூளும் மஞ்சிட்டியும் வாங்கியிருந்தேன். இம்பூரல் கேட்டதற்குக் கடைக்காரர் ஒரு பொட்டலம் காய்ந்த செடி கொடுத்தார், அதில் வேர் விரல் நுனி அளவுகூட இல்லை. மஞ்சிட்டியும் அதே குடும்பம்தான், போதும். பழைய வேட்டி ஒன்றைக் கஞ்சி போகத் துவைத்து, கடுக்காயில் முக்கிக் காயவைத்து, கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஆளுக்கு ஒன்று. கொஞ்சம் கஞ்சி சேர்த்த படிகாரத் தண்ணீர் பீக்கரில். வேப்பங்குச்சியால் அவரவர் பெயரை எழுதுங்கள் என்றேன்.

"மிஸ், எழுதுறதே தெரியல" என்று முதல் வரிசை. தெரியாது, எழுது. பின்வரிசைப் பையன் ஒருவன் தவறுதலாக இரும்பு உப்பு இருந்த பீக்கரில் குச்சியை விட்டுவிட்டான். அவன் பெயர் மட்டும் அப்போதே கறுப்பாக விழுந்து, வகுப்பே அவன் மேசையில் குவிந்தது. மற்றவர்கள் எழுதிய துணியெல்லாம் காய்ந்து, அலசி, ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத நாற்பத்தொரு பழுப்புத் துண்டுகளாகக் கிடந்தன. யாருடையது எது என்று சண்டை. எல்லாவற்றையும் சத்துணவுக் கூடத்தில் கேட்டு வாங்கிய குண்டானில் ஒன்றாகப் போட்டு மஞ்சிட்டியோடு அடுப்பில் ஏற்றினேன். அடுத்த பீரியட் தமிழய்யாவுடையது, கெஞ்சி வாங்கினேன்.

கடையில் பார்த்த சிவப்பு வரவில்லை. செங்கல் நிறம்தான் வந்தது. ஆனால் பெயர்கள் வந்தன. கிடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கி, வாசித்துவிட்டுக் கொடுத்தேன். வாசிக்க வாசிக்க சத்தம். பாதித் துணிகளில் எழுத்து ஓரம் ஊறிப் பரவி, ணகரம் எது னகரம் எது என்று தெரியவில்லை. ஒரு பெண்ணுடையது முழுக்கவே ஊறிப்போய் வெறும் சிவப்புத் திட்டு. அவள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் மிஸ் என்னுது மட்டும் இப்படி?" என்றாள். பால் சேர்க்கவில்லை, அதில் இருக்கும் கொழுப்புதான் எழுத்தைப் பரவாமல் கட்டி நிறுத்தும், அந்தக் காலத்தில் எருமைப்பாலில் முக்கினார்கள் என்றேன்.

மணி அடித்துவிட்டது. அவள் நகரவில்லை. "மிஸ், எங்க தெருவுல எருமை வச்சிருக்காங்க. நாளைக்கு எவ்ளோ எடுத்துட்டு வரட்டும்?"